கல்லுக்குள் ஒரு சூடை: நைட்டியா மீனைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் எனக்கென்று ஒரு கல் கொண்டுவந்தார். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பலகைக் கல், வெளிறிய மண்ணிறம், நடுவில் ஒன்பது சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு மீன். செத்து ஐந்து கோடி வருடத்துக்கு மேலாகிவிட்ட மீன். அதை மேசையில் வைத்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள், பின்னேர விஞ்ஞான வகுப்புக்கு வரும் பிள்ளைகள், படத்தைப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்புகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

உது கீறின படமோ, உண்மையான மீனோ?

உண்மையான மீன்தான். முதலில் இதைக் கேட்பதில் பிழையே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு முள்ளும் கூரான பேனையால் இழுத்த மாதிரி அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. ஆனால் ரோர்ச் லைற்றைக் கல்லுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் கல்லின் மேல் ஒரு மயிரிழை உயரம் எழும்பி நிற்கும், அதன் நிழல் பக்கத்தில் விழும். செவுள் மூடி நகத்துண்டு போல மெல்லிசாக, லேசான மினுக்கத்தோடு கிடக்கும். கண் இருந்த இடத்தில் ஒரு வட்டம். வாலின் கதிர்கள் நுனியில் இரண்டிரண்டாகப் பிரிகின்றன, அதையும் எண்ணலாம். கீறின படத்துக்கு நிழல் விழாது.

சரி, இது என்ன மீன்?

பெயர் நைட்டியா. இப்போது உலகில் எங்கும் உயிரோடு இல்லை. இயோசீன் என்று சொல்லும், ஐந்து கோடி வருடத்துக்கு முந்திய காலத்தில் வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த சிறு மீன். இன்றைய வயோமிங், யூட்டா, கொலராடோ மாநிலங்களில் 'கிரீன் ரிவர்' என்று பெயரிட்டிருக்கும் பாறைத் தொகுதியில் கிடைக்கிறது. என்னிடம் இருப்பது நைட்டியா இயோசீனா என்ற இனம். அது 25 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியது என்றாலும் கல்லில் கிடைப்பவை பெரும்பாலும் 15 சென்ரிமீற்றருக்குள்தான். நைட்டியா அல்ரா என்று இன்னொன்று உண்டு, நீளம் குறைவு, உடம்பு அகலம். உலகத்தில் முழு உடலோடு தோண்டியெடுக்கப்படும் மீன் உயிர்ச்சுவடுகளில், அதாவது இப்படிக் கல்லில் மிஞ்சியவற்றில், எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான் என்று சொல்வார்கள். 1987 இல் வயோமிங் மாநிலம் இதைத் தன் அரச உயிர்ச்சுவடாக அறிவித்தது.

சூடை எண்டு சொல்லுறியள், அது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

நைட்டியாவை ஆய்வாளர்கள் சூடை, சாளை எல்லாம் சேர்ந்த குடும்பத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். 1856 இல் ஜோன் எவன்ஸ் என்பவர் இந்தப் பாறைகளிலிருந்து எடுத்த மீனை அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் லெய்டி முதன்முதலாக விவரித்தபோதே அதற்குக் குளூப்பியா என்றுதான் பெயர் வைத்தார், அது ஐரோப்பியக் கடலின் ஹெரிங் மீனுக்கு உரிய பெயர். அப்போதே சொந்தம் கண்ணில் பட்டிருக்கிறது.

நீங்கள் சூடை சுத்தம் செய்திருந்தால் ஒரு விஷயம் விரலுக்குத் தெரிந்திருக்கும். வயிற்று விளிம்பை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் அரம் மாதிரி அராவும், கவனிக்காவிட்டால் கையைக் கீறும். வயிற்றின் நடுக்கோட்டில் கூரான செதில்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையாக அமைந்திருப்பதால்தான் அப்படி. இந்த வரிசை நைட்டியாவுக்கும் இருக்கிறது, கல்லில் வயிற்றுப் பக்கம் சிறு சிறு பற்களாகத் தெரிகிறது.

என் வகுப்பில் பாசையூர்ப் பிள்ளை ஒருத்தி, வீட்டில் மீன் வெட்டிப் பழகியவள். கல்லைக் கையில் கொடுத்ததும் மற்றவர்கள் கண்ணையும் வாலையும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் வயிற்றைப் பார்த்தாள், பிறகு கல்லைத் திருப்பி முதுகைப் பார்த்தாள், "சேர், இதுக்கு முதுகிலயும் அரம் இருக்கு" என்றாள். ஓம், இருக்கிறது! தலையின் பின்பக்கத்திலிருந்து முதுகுச் செட்டை வரைக்கும் அதே மாதிரி இன்னொரு வரிசை. வயிற்றிலும் முதுகிலும் இப்படி இரட்டை வரிசை இருப்பது நைட்டியாவின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. நான் அதை வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன், அவள் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

சூடை கடல் மீனல்லோ, நன்னீரில எப்படி?

இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை கடலில்தான். ஆனால் ஆற்றுக்கும் குளத்துக்கும் ஏறியவை இன்றும் உண்டு, வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை, நம் தீவிலேயே இருக்கிறது. எஹிராவ என்ற விரல் நீளமும் வராத சிறு மீன் களப்புகளிலும் பொலநறுவையில் உள்ள பராக்கிரம சமுத்திரம் போன்ற பெருங்குளங்களிலும் வாழ்கிறது, அதுவும் சூடையின் உறவுதான். 1929 இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் இலங்கை விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லாததாலும் மேசையில் எப்போதும் கடல் மீனே இருப்பதாலும் நன்னீர் மீன் என்றால் நமக்கு இரணைமடுப் பக்கத்து விராலும் திலாப்பியாவும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் இது புதிதாகப் படுகிறது, அவ்வளவுதான்.

டைனோசர் காலத்து மீனா?

இல்லை. பறவைகளை விட்டுப் பார்த்தால் டைனோசர்கள் 6 கோடியே 60 லட்சம் வருடங்களுக்கு முன்னே முடிந்துபோயின. என் கல்லில் இருக்கும் மீன் ஏறக்குறைய 5 கோடியே 20 லட்சம் வருடத்துக்கு முந்தியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடி வருடத்துக்கும் மேலான இடைவெளி. இந்தியத் தட்டு, நம் தீவையும் கூட்டிக்கொண்டு, ஆசியாவோடு மோதிக்கொண்டிருந்த காலம் அது. இமயமலை இன்றைய உயரத்துக்கு எழும்பியிருக்கவில்லை.

ஐந்து கோடி வருடம் எண்டு எப்படிக் கணக்குச் சொல்லுகினம்?

மீனை வைத்தல்ல, சாம்பலை வைத்து. அந்த ஏரிகள் இருந்த காலத்தில் அக்கம்பக்கத்தில் எரிமலைகள் வெடித்தன. ஒவ்வொரு தடவையும் சாம்பல் ஏரியில் விழுந்து, அடியில் படிந்து, சேற்றுப் படைகளுக்கு இடையில் மெல்லிய ஒரு படையாக மாட்டிக்கொண்டது. அந்தச் சாம்பலில் பெல்ஸ்பார் பளிங்குகள் இருக்கும், அவற்றில் பொற்றாசியம் இருக்கும். பொற்றாசியத்தில் ஒரு வகை தானாகவே மெல்ல மெல்லச் சிதைகிறது, அதில் ஒரு பங்கு ஆகன் வாயுவாகிப் பளிங்குக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். இருப்பதில் பாதி சிதைய ஏறக்குறைய 125 கோடி வருடம் எடுக்கும் என்பது தெரிந்த கணக்கு. ஆகவே பளிங்கில் எவ்வளவு ஆகன் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் எரிமலை எப்போது வெடித்தது என்று வந்துவிடும். மீன் கிடக்கும் படைக்குப் பக்கத்திலேயே சாம்பல் படையும் கிடப்பதால் மீனின் வயதும் தெரிந்துவிடுகிறது.

வயோமிங் மலைநாடல்லோ, அங்க எங்கால ஏரி?

இன்று அந்த இடத்தைப் படத்தில் பார்த்தால் நம்பமாட்டீர்கள். காய்ந்த குன்றுகள், குட்டைப் புதர்கள், கடல் மட்டத்திலிருந்து 2000 மீற்றருக்கு மேல், அதாவது நுவரெலியாவை விட உயரம், மாரியில் உறைபனி. இயோசீனில் அதே இடம் வெப்பமாகவும் ஈரமாகவும் இருந்திருக்கிறது. மூன்று பெரிய ஏரிகள்: கோசியூட், யூயின்ரா, அப்புறம் எல்லாவற்றிலும் சின்னதான ஃபொசில் ஏரி. இந்தச் சின்ன ஏரியிலிருந்துதான் மிக அழகான மீன்கள் வருகின்றன. கெமரர் என்ற ஊருக்குப் பக்கத்தில் அதன் ஒரு பகுதியை 1972 இல் தேசிய நினைவிடமாக ஒதுக்கினார்கள்.

மீன் மட்டுமல்ல, முதலை, ஆமை, வௌவால், நாய் அளவே இருந்த ஆதிக் குதிரை, நன்னீரில் வாழ்ந்த திருக்கை, தும்பி என்று எல்லாம் அந்தப் படைகளில் கிடைத்திருக்கின்றன. எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது பனை இனத்து ஓலை. விசிறி மாதிரி விரிந்த முழு ஓலை, மடிப்புகள் குலையாமல் கல்லில் பதிந்திருக்கும் படத்தைப் பார்த்தபோது, நம் வேலியில் மாட்டிய பனையோலைதான் ஞாபகம் வந்தது. அது பனையே அல்ல, வேறொரு சாதி. ஆனாலும் அந்த விரிப்பு அதே விரிப்பு.

செத்த மீன் அழுகிப் போகாமல் எப்படிக் கல்லாகிச்சு?

கடற்கரையில் ஒரு சூடை செத்து ஒதுங்கினால் என்ன ஆகும்? காகம், நண்டு, எறும்பு, புழு, இரண்டு நாளில் முள்ளும் மிஞ்சாது. ஆகவே உடம்பு மிஞ்ச வேண்டுமென்றால் தின்ன வருகிறவர்கள் வரமுடியாத இடத்தில் அது விழ வேண்டும். ஃபொசில் ஏரியின் ஆழமான அடிப்பக்கம் அப்படிப்பட்ட இடமாக இருந்திருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள நிலாவரைக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப்போக உவர். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, பாரம் கூடியது கீழேயே கிடக்கிறது. சில ஏரிகளிலும் இப்படித் தண்ணீர் படைபடையாக நிற்கும். மேல்தண்ணீர் காற்றோடு தொடர்பில் இருக்கும், அடித்தண்ணீருக்கு மேலேயிருந்து ஒட்சிசன் இறங்காது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் நண்டும் இல்லை, புழுவும் இல்லை. மீன் மெல்ல இறங்கி, பக்கவாட்டில் படுத்து, அப்படியே கிடக்கும். அதன் மேல் ஏரித்தண்ணீரிலிருந்து பிரியும் கல்சியம் காபனேற்று மாவு மாதிரி விழுந்து மூடிக்கொண்டே வரும். தசை போய்விடும். எலும்பும் செதிலும் மேலே ஏறிய பாரத்தில் தட்டையாக நசுங்கி, வெளிறிய கல்லில் மண்ணிறமாக நிற்கும். என் கல்லை ஓரத்தில் பார்த்தால் அந்த மாவு படிந்த வரிகள் கடதாசிக் கட்டு மாதிரி தெரியும், வெளிறல் ஒன்று, கருமை ஒன்று என்று மாறி மாறி. கருவரிகள் பாசியும் மற்ற உயிர்களும் மக்கிச் சேர்ந்தவை.

கல்லை உளியால் அந்த வரியோடு பிளக்கும்போதுதான் மீன் வெளியே வருகிறது. சில நேரம் மீன் ஒரு பக்கத்திலும் அதன் பதிவு மறுபக்கத்திலும் போகும்.

ஒரே கல்லில நூற்றுக்கணக்கில கிடக்கிற படம் பார்த்தன், எல்லாம் ஒரேயடியாச் செத்ததோ?

ஓம், அப்படித்தான் கருதுகிறார்கள். நைட்டியா கூட்டமாகத் திரியும் மீன், ஆகவே சாவு வந்தாலும் கூட்டத்துக்கே வரும். காரணம் என்ன என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. காற்றோ குளிரோ தண்ணீரைப் புரட்டிவிட, ஒட்சிசன் இல்லாத அடித்தண்ணீர் மேலே வந்திருக்கலாம். பாசி திடீரென்று பெருகி அழுகும்போது ஒட்சிசனை உறிஞ்சியிருக்கலாம். வெப்பநிலை சட்டென்று மாறியிருக்கலாம். ஒவ்வொரு படைக்கும் ஒரே காரணம்தான் என்று இருக்கவும் தேவையில்லை. நம் பக்கத்துக் களப்புகளிலும் கோடையில் தண்ணீர் வற்றிச் சூடாகும்போது மீன்கள் வெள்ளையாக மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக விளக்க எதுவும் இல்லை.

அது என்னத்தைத் தின்றது, அதை யார் தின்றது?

தின்றது நுண்ணிய பாசி, சிறு ஓட்டுயிர்கள், பூச்சி, எப்போதாவது தன்னை விடச் சின்ன மீன். அதைத் தின்றவர்கள் பட்டியல் நீளம், ஏரியில் இருந்த பெரிய மீன் எல்லாம் அதை நம்பித்தான் வாழ்ந்திருக்கும். டிப்ளோமிஸ்ரஸ் என்று ஒன்று, வாய் மேல்நோக்கித் திறக்கும், மியோப்ளோசஸ் என்று இன்னொன்று. இவற்றின் வாயில் நைட்டியா பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும் கற்கள் கிடைத்திருக்கின்றன. விழுங்கப் போய் தொண்டையில் சிக்கி, துப்பவும் முடியாமல் இரண்டும் சேர்ந்து செத்திருக்கின்றன. எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் மனம் ஒருமாதிரி ஆகிவிடும்.

பிறகு ஏன் அழிஞ்சு போச்சு?

ஏரிகள் போனதால். ஃபொசில் ஏரி மூன்றிலும் சின்னது, சீக்கிரம் முடிந்ததும் அதுதான். அதன் கடைசிக் காலத்துப் படைகளில் உப்பு மிகவும் கூடியிருந்ததற்கு அடையாளம் இருக்கிறது, அங்கே மீன் அரிதாகிவிடுகிறது. நடுப்படைகளில் ஆயிரக்கணக்கில், மேற்படைகளில் தேடித்தான் எடுக்கவேண்டும். உவர் ஏறிய தண்ணீர் என்ன செய்யும் என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி நிற்க, அதன் கீழே கடல்தண்ணீர் காத்துக்கொண்டிருக்க, அளவுக்கு மேல் இறைத்த தோட்டக் கிணறுகள் ஒவ்வொன்றாக உவராகிப் போனதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நைட்டியா எண்ட பேர் ஆரின்ர பேர்?

வில்பர் நைட் என்ற நிலவியலாளருடையது, வயோமிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் இறந்து சில வருடம் கழித்து, 1907 இல், டேவிட் ஸ்ரார் ஜோர்டன் என்ற மீனியல் ஆய்வாளர் இந்த மீனைத் தனிப் பேரினமாகப் பிரித்து அவர் பெயரை வைத்தார்.

எங்கட கிணறு வெட்டேக்க இப்படி மீன் வருமோ?

இந்த மீன் வராது. வேறு விஷயங்கள் வரும், அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் நிற்கும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, நைட்டியாவை விட வயதில் மிக இளையது, ஏரியில் அல்ல ஆழமில்லாத வெப்பக் கடலில் படிந்தது. ஆகவே அதில் இருப்பது சிப்பி, சங்கு, பவளம், கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் நுண்ணோட்டு உயிர்கள். கிணறு வெட்டிக் கொட்டிய கல்லையோ, காங்கேசன்துறையில் சீமெந்துக்காக உடைத்த பக்கத்துக் கல்லையோ, பழைய மதில் கல்லையோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பாருங்கள். உள்ளே சுருண்ட சங்கின் வெற்றிடம் தெரியும், ஓடு கரைந்துபோய் அதன் வடிவம் மட்டும் நிற்கும். நான் கொக்குவிலில் எங்கள் வளவின் பின்மதிலில் மட்டும் ஒரு பின்னேரத்தில் பதினொரு சிப்பி அச்சு எண்ணினேன். முப்பது வருடமாக அந்த மதிலில் சாய்ந்து நின்று கதைத்திருக்கிறேன்.

தீவின் மற்ற இடங்களைக் கேட்டால், பெரும்பகுதி மிகப் பழைய, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை, அதில் உயிர்ச்சுவடு நிற்காது. புத்தளம் பக்கம் தப்போவவில், டைனோசர்கள் வாழ்ந்த யுராசிக் காலத்துச் செடிகளின் பதிவுகள் உண்டு. இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டும் குழிகளில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எலும்பும் பல்லும் கிடைத்தன, அவற்றை விவரித்தவரும் மேலே எஹிராவவுக்குச் சொன்ன அதே தெரணியகலதான்.

வாங்கலாமோ? ஏமாத்துவாங்களோ?

நைட்டியா தனியார் கல்லுடைக்கும் நிலங்களிலிருந்து சட்டப்படி எடுத்து விற்கப்படுகிறது. தேசிய நினைவிடத்துக்குள்ளிருந்து எதையும் எடுக்கக்கூடாது. இவ்வளவு ஏராளமாகக் கிடைப்பதால் முழுப் போலி செய்வது குறைவு, ஆனால் உடைந்த வாலை வர்ணம் தீட்டி முடிப்பதும், இரண்டு மீனின் துண்டுகளை ஒட்டி ஒன்றாக்குவதும் உண்டு. சாய்ந்த வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் போதும்: எலும்புக்கு மேடுபள்ளம் இருக்கும், வர்ணம் வழுவழுப்பாக ஒரே மட்டமாக இருக்கும். கனடாவில் சொந்தக்காரர் இருந்தால் வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள், கைப்பையில், துணியால் சுற்றி. என்னுடையதை உடுப்புப் பெட்டியில் போட்டதால் வால் பக்கம் ஒரு வெடிப்பு விழுந்துவிட்டது.

எப்படித் துடைக்கிறது?

உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும். தண்ணீர் வேண்டாம். புளி, வினாகிரி, தேசிக்காய் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். என் பெறாமகள் நல்ல மனதோடு, குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி மூலையில் இருந்த கறையில் தேசிக்காய்ப் பாதியை வைத்துத் தேய்த்துவிட்டாள். நான் வந்து பார்க்கும்போது சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன, அது காபனீரொட்சைட்டு, கல்லே கரைந்து வாயுவாகிப் போகிறது. ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடம் சொரசொரப்பாகி வெளுத்துவிட்டது, நல்ல காலம் மீனைத் தொடவில்லை. அழுதவளை நான் ஏசவில்லை, ஐந்து கோடி வருடம் நிலத்துக்குள் கிடந்த கல்லுக்கு எங்கள் குசினியில் இப்படி ஒரு ஆபத்து இருக்கும் என்று எனக்கே தோன்றியிருக்கவில்லை. அன்றிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கலாமோ?

தாராளமாக வாருங்கள். ஞாயிறு பின்னேரம் வகுப்பு இல்லை. ரோர்ச் லைற் என்னிடம் இருக்கிறது, பூதக்கண்ணாடி ஒன்றுதான் இருப்பதால் உங்களிடம் இருந்தால் கொண்டுவாருங்கள். கையில் எடுக்கலாம், இரண்டு கையாலும் தலைப்பக்கமாகப் பிடிக்கவேண்டும், வால் பக்கம் வெடிப்பு இருக்கிறது. அன்றைக்கு வீட்டில் சூடை வாங்கியிருந்தால் வெட்டுவதற்கு முன் பிள்ளையின் விரலை அதன் வயிற்றில் ஒருமுறை, கவனமாக, தடவவிட்டுக் கூட்டி வாருங்கள்.